கான்வாய் நாளில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை

மார்ச் 6, வெள்ளி

புழுக்கம். காற்று அசையவில்லை. குழாயில் தண்ணீர் இல்லை. கராச்சர்மாவில் எங்கள் தெருவுக்கு அடுத்த முறை ஞாயிறுதான்.

ஸ்கேன் முடிந்தது. இதற்காகவே நேற்று மதியம் நான் வேலை பார்க்கும் பாராட்டாங் தீவிலிருந்து, ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸில் வந்தேன்.

எட்டாம் மாதம். இதயத்துடிப்பு நலம். எடை கொஞ்சம் குறைவு, பரவாயில்லையாம். பனிக்குட நீர் மட்டும் ஏழு சென்டிமீட்டர். எட்டுக்கு மேல் இருக்க வேண்டும். டாக்டரம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: "பானி டீக் சே பீத்தீ ஹோ?" ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கிறாயா என்று. "ஜி மேடம், பகுத்" என்றேன், நிறையவே என்று. வீட்டில் இருந்தால் சொம்பு சொம்பாகக் குடிக்கிறவள்தானே.

ஐந்துக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். முன்னதாகவே எடுக்க வேண்டி வரலாம். பிள்ளையின் எடையைப் பார்த்து மெயின்லேண்டுக்கு அனுப்பவும் நேரலாம். இவ்வளவையும் கையுறையைக் கழற்றுகிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார். இருபதாம் தேதி மறுபடி ஸ்கேன்.

வீட்டுக்காரர் செல்வம் ஹேடோ கப்பல் ஜெட்டி வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையெல்லாம் சிமெண்டு தூசி. "ஏழுக்கும் எட்டுக்கும் ஒண்ணுதானே வித்தியாசம். தண்ணி ஒரு அடி எறங்கினா கப்பல் நிக்காமலா போயிடும்?" கப்பலைத் தவிர வேறு உவமையே தெரியாது இந்த மனுஷருக்கு. ஆட்டோவில் நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். கராச்சர்மா வந்ததும் ஆட்டோக்காரருக்கு இரண்டு தடவை காசு கொடுத்தார். அதன் பிறகு பேசினேன்.

கல்யாணமாகி ஆறு வருடம். முதலில் தங்கியது மூன்றாம் மாதமே போய்விட்டது. இதை இழக்க முடியாது. அவ்வளவுதான் எழுத வருகிறது.

மார்ச் 7, சனி

மேகம் இருக்கிறது, மழை இல்லை. கால் வீக்கம். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே நிற்கிறது.

பரமக்குடியிலிருந்து மாமியார் போன். காலைப் பற்றிச் சொன்னது என் தப்பு.

"கால் வீங்கியிருக்குன்னா ஒடம்புல தண்ணி ஜாஸ்தின்னு அர்த்தம் தாயீ. தண்ணியக் கொறச்சுக்க. பார்லி வேகவச்சுக் குடி, மடமடன்னு எறங்கிடும்."

"டாக்டர் தண்ணி கம்மியா இருக்குன்னு சொல்றாங்க அத்தே."

"வீங்கிப்போய்க் கெடக்கு, கம்மின்னா எப்படி?"

நியாயமான கேள்வி. பதில் எனக்குத் தெரியும், பத்தாம் வகுப்புக்கு நானே நடத்துகிறேன். காலில் தேங்குவது திசுக்களுக்குள் கசிந்த நீர். பிள்ளையைச் சுற்றி இருப்பது முக்கால்வாசி பிள்ளையே போகிற சிறுநீர். நான் குடிப்பது என் ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து பிள்ளைக்குப் போய், பிள்ளை மறுபடி வெளியே விட்டு, அதிலேயே நீந்துகிறது. என் ரத்தம் கெட்டியானால் பிள்ளைக்கு வருவதும் குறையும். தெரிந்து என்ன? போனில் மாமியாரிடம் "சரி அத்தே" என்றேன்.

செல்வம் கேட்டுவிட்டுச் சொன்னது: "சரக்கு வந்திருக்கு. குடோன் மாறி எறக்கிட்டாங்க." சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். மனுஷர் பயந்துபோய் இளநீர் வாங்கக் கிளம்பிவிட்டார்.

இன்று உள்ளே போனது: தண்ணீர் ஏழெட்டுத் தம்ளர், இளநீர் 2, மோர், ரசம் (இதைச் சேர்க்கலாமா?), தர்ப்பூசணி ஒரு பத்தை.

பிள்ளை உதைத்தது. இடது பக்கம், விலாவுக்குக் கீழே. நன்றாக உதை.

மார்ச் 8, ஞாயிறு

தண்ணீர் வந்தது. டிரம், பக்கெட், குக்கர் வரை நிரப்பியாயிற்று. பக்கத்து வீட்டு மலையாளி அக்கா நான் குனியக் கூடாது என்று தானே இரண்டு குடம் தூக்கி வைத்தார்.

புடவை இஸ்திரி. வினாத்தாள் கட்டு. நாளை விடியற்காலை பஸ். வெள்ளிவரை பாராட்டாங் குவார்ட்டர்ஸ்.

சாயங்காலம் ஆனதும் சொம்பைத் தள்ளி வைத்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. வாய் தானாக மூடிக்கொள்கிறது. ஜிர்காடாங் சாவடி தாண்டினால் மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஜாரவா பழங்குடி மக்களின் காடு. வண்டிகளெல்லாம் போலீஸ் துணையோடு கான்வாயாக, ஒன்றன் பின் ஒன்றாகப் போக வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பின்னலைப் போட்டுக்கொள்வது மாதிரி, தண்ணீரை நிறுத்துவதும் புறப்பாட்டில் ஒரு வேலை. நாலு வருடமாக இந்த வழியில் போய் வருகிறேன். முந்தின இரவு தண்ணீர் குடித்துவிட்டுக் கான்வாய் பஸ்ஸில் ஏறிய ஒரு பெண்ணைக்கூட எனக்குத் தெரியாது.

செல்வம் கேட்டார், "குடிச்சியா?" "குடிச்சேங்க." அரைத் தம்ளர். பொய் இல்லை.

மார்ச் 9, திங்கள், பாராட்டாங்

வெயில் கொளுத்துகிறது. உடம்பெல்லாம் ஈரம். இந்தத் தீவில் வியர்வை காய்வதே இல்லை. எந்நேரமும் நனைந்து கிடப்பதால் உள்ளே வறண்டிருக்கிறது என்று சொன்னால் உடம்புக்கே நம்பிக்கை வராது.

பஸ்ஸில் சரோ அக்கா பக்கத்தில். எங்கள் ஸ்கூலில் சின்ன வகுப்பு டீச்சர். அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் வெட்டியவர்கள். பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். "வாயி காயாம இருக்கும் புள்ள. தண்ணி வேண்டாம், அப்பறம் கஷ்டம்."

பத்து மணிக்கு பத்தாம் வகுப்பு. ரிவிஷன், கழிவுநீக்கம். சிறுநீரகம் படம் போட்டேன். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி ஹிந்தியில் கேட்டாள்: மேடம், மழைக்காலத்தில் மட்டும் ஏன் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது? வகுப்பே சிரித்தது. நல்ல கேள்வி என்று ஆரம்பித்தேன். மழையில் வியர்வை குறைவு, மிச்சமாகும் நீரைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். வெயிலில் தோல் வழியாகப் போய்விடும், ரத்தம் கெட்டியாகும். மூளைக்கு அது தெரிந்துவிடும். அங்கிருந்து ஒரு சுரப்பு கிளம்பி, "ஒரு சொட்டும் விடாதே" என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். அது நீரைத் திருப்பி எடுத்துக்கொண்டு, கொஞ்சமாக, கெட்டியாக வெளியே விடும். ஆகவே பிள்ளைகளே, மார்ச் ஏப்ரலில் மழைக்காலத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

சொல்லி முடித்துச் சாக்பீஸைக் கீழே வைக்கும்போதுதான் உறைத்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நான் குடித்தது அரைத் தம்ளர்.

இடைவேளையில் குவார்ட்டர்ஸ் பாத்ரூமுக்குப் போனேன். டீ டிகாக்ஷன் நிறம்.

டாக்டர் கேட்டதற்கு "பகுத்" என்றேனே. திங்கள் கிழமை அதில் இல்லை. திரும்புகிற நாள் இல்லை. ஸ்கூல் நேரம் இல்லை. ஸ்கேனுக்கு முந்தின நாளும் கான்வாய் பஸ்தான், வாயில் ஒரு சொட்டு இல்லை. நான் கணக்கில் எடுத்தது வீட்டில் இருந்த நாட்களை மட்டும்.

சரோ அக்காவிடம் சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "கான்வாய் நாளையில யாரு புள்ள தண்ணி குடிப்பா? இங்கயுந்தான். மாசி பொறந்தா டாங்கி வத்திப்போகுது, பாத்ரூமப் பூட்டிடுறாங்க. நானெல்லாம் பத்து மணிக்கு மேல வாயில வைக்கவே மாட்டேன். கச்சால்லருந்து கப்பல்ல வாறப்ப ரெண்டு நாளும் வாய நனைக்கிறதோட சரி. பழகிப்போச்சி."

பெண் பிள்ளைகளின் பைகளைப் பார்த்தேன். ஒரு பாட்டில் இல்லை. அதிகம் குடியுங்கள் என்று போதித்துவிட்டு வந்திருக்கிறேன், பூட்டின கதவுக்கு முன்னால்.

தாகமே எடுப்பதில்லை எனக்கு. அதுதான் பயமாக இருக்கிறது. எத்தனை தடவை கேட்டும் கிடைக்காமல், கேட்பதையே விட்டுவிட்டதா உடம்பு?

மார்ச் 11, புதன்

காற்று கொஞ்சம் உண்டு.

காலையிலிருந்து அசைவு இல்லை.

மூன்றாம் பீரியட்: இல்லை. சாப்பாட்டு நேரம்: இல்லை. மேஜை ஓரத்தில் வயிற்றை லேசாக இடித்துப் பார்த்தேன். என்ன ஒரு முட்டாள்தனம்.

குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். இடது பக்கம் படுத்தேன். சரோ அக்கா எலுமிச்சம்பழத்தில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு செம்பு கொண்டு வந்து, நான் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு வெறும் தண்ணீர் இன்னொரு செம்பு. குமட்டியது. குடித்தேன். ஃபேன் சத்தம். வெளியே யாரோ மோட்டாரைத் திட்டும் சத்தம். செல்வத்துக்கு போன் போட்டு எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். என்ன சொல்வது? அவரால் இங்கே வரவும் முடியாது, கான்வாய் நேரம் தாண்டிவிட்டது. ஏதாவது என்றால் இந்தத் தீவிலிருந்து ராத்திரி எப்படிப் போவது? ஆம்புலன்ஸுக்கு விடுவார்களாம். கேள்விப்பட்டதுதான், பார்த்ததில்லை.

சாயங்காலம் ஒரு அசைவு. உதை இல்லை, புரண்டு படுப்பது மாதிரி. அப்புறம் இன்னொன்று. அக்கா கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். "தா, தா, இருக்கு. ஒங்க மகாராணி தூங்கி எந்திரிக்குது." அக்காவுக்கும் கண் கலங்கியது, மூக்கைச் சிந்திச் சமாளித்தார்.

நாளையே லீவு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு முழு லீவும் மிச்சமிருக்கட்டும் என்று மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இருந்தால்தானே லீவு.

மார்ச் 12, வியாழன்

எச்.எம். ரூம். "மேடம், எக்ஸாம் கே பாத் ஜாயியே நா." பரீட்சை முடிந்து போகலாமே என்றார். நல்ல மனுஷர்தான், ஆள் பற்றாக்குறை அவருக்கு. "நஹீ சார்" என்றேன். நாலு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் "நஹீ". இருவருக்குமே கொஞ்சம் அதிர்ச்சி.

லேப் சாவி, விடைத்தாள் கட்டு, மைக்ரோஸ்கோப் (ஒன்று உடைசல்) ஒப்படைத்தாயிற்று. கடைசியாக, மாணவிகள் பாத்ரூம் சாவி யாரிடம் என்று கேட்டேன். பியூன் லீவாம். சரோ அக்கா நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

இன்று அசைவு சுமாராக உண்டு. தண்ணீர் நிறையக் குடித்தேன். குமட்டல், ஏப்பம், எல்லாம்.

நாளை கான்வாய். குடிப்பதா வேண்டாமா? குடிக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது. குடித்தால் நடுக்காட்டில் என் மானம் போகும். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கிற நிலைமைக்கு வந்திருக்கிறேன் பார்.

மார்ச் 13, வெள்ளி, வீடு

வந்துவிட்டேன். வெயில். தலைவலி இல்லை. முதல்முறையாகக் கான்வாய் நாளில் தலைவலி இல்லை.

வரிசையாக எழுதுகிறேன். புறப்படும் முன் ஒரு பாட்டில் முழுக்கக் குடித்தேன். ஃபெர்ரியில் அரை பாட்டில். மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டியில் பாத்ரூம் போய்விட்டு வந்தேன் (தண்ணீர் கிடையாது, நாற்றம், எழுதவே வேண்டாம்). இனி தாங்கும் என்று நினைத்தேன். எட்டு மாத வயிறு வேறு ஒரு கணக்கு வைத்திருந்தது. காட்டுக்குள் நுழைந்து அரை மணி ஆகவில்லை, பிள்ளை தலையை எங்கோ வைத்து அழுத்த, தாங்க முடியவில்லை. அந்த ரோடு வேறு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தேன். புடவை முந்தானையைக் கடித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

சரோ அக்கா கண்டக்டரைக் கூப்பிட்டார். சின்னப் பையன்தான், பதறிப்போனான். "ரோக் நஹீ சக்தா தீதி. பீச்சே பூரா லைன் ஹை." நிறுத்த முடியாது, பின்னால் மொத்த வரிசையும் வருகிறது. அவன் சொன்னதும் சரிதான். அந்தக் காடு நமக்கு நிற்கிற இடம் இல்லை.

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு எழுந்து நின்று, ஸ்கூல் அசெம்பிளிக்குக் கூப்பிடுகிற குரலில்: "பால்ட்டி கிஸ்கே பாஸ் ஹை?" வாளி யாரிடம் இருக்கிறது என்று.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

முன் சீட்டில் ஒரு வங்காளி அம்மா, மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய் கொண்டுபோகிறவர். ஒன்றும் கேட்கவில்லை. வாளியை மடியில் கவிழ்த்துக் காயைக் கொட்டிக்கொண்டு, காலி வாளியைத் தலைக்கு மேலே நீட்டினார். பின் சீட்டில் இருந்த ஆண்கள் எழுந்து முன்னால் போனார்கள். இரண்டு பெண்கள் துப்பட்டாவை அவிழ்த்துப் பிடித்தார்கள், அக்கா தன் சால்வையை. டிரைவர் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். பழைய ஹிந்திப் பாட்டு, ஏதோ காதல் தோல்வி. அதைக் கேட்டுக்கொண்டே நான் வாளியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா என் தோளை அமுக்கிப் பிடித்திருந்தார். "ஆகட்டும், மெதுவா. யாரும் பாக்கல."

ஆயிற்று. மறைப்பிலிருந்து வெளியே வந்து யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

அப்போது ஜன்னலோரத்தில் ஒரு தெலுங்கு அம்மா, நரைத்த தலை, எழுந்து நின்று ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார்: "மை பீ ஜாவூம்?" நானும் போகட்டுமா?

துப்பட்டாக்கள் மறுபடி உயர்ந்தன. அவருக்குப் பிறகு துப்பட்டா பிடித்தவர்களில் ஒருத்தி. அதற்குப் பிறகு, கடவுளே, சரோ அக்கா. "நான் காலைலருந்து கட்டிவச்சிருந்தேன் புள்ள" என்று என் காதில் சொன்னபோது இருவரும் சிரித்த சிரிப்பில் பஸ் குலுங்கியிருக்கும்.

ஆனால் நான் எழுத வந்தது அதன் பிறகு நடந்தது. கத்திரிக்காய் அம்மா பையைத் துழாவி ஒரு பாட்டிலை எடுத்தார். மூடி திறக்காத, முழு பாட்டில். காலையிலிருந்து சுமந்திருக்கிறார், குடிக்கவில்லை. அண்ணாந்து மடமடவென்று குடித்தார். அந்தத் தெலுங்கு அம்மாவிடமும் ஒன்று இருந்தது. துப்பட்டாப் பெண்களிடமும். பஸ்ஸில் தண்ணீர் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பையிலும் இருந்தது.

ஜிர்காடாங்கில் வாளியைக் கழுவி நானே கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை அந்த அம்மா. கத்திரிக்காயைச் சேலையில் மூட்டை கட்டிக்கொண்டு, "ரக்கோ, பேட்டி" என்றார். வைத்துக்கொள், மகளே. வாளியை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

செல்வத்திடம் முழுக்கச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நாலு வருஷமா இப்படித்தான் போய்ட்டு வந்தியா? எனக்குத் தெரியாதே." கேட்டால்தானே சொல்வது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மார்ச் 16, திங்கள்

ஓய்வு. ஓய்வு என்றால் குடிப்பது, போவது, மறுபடி குடிப்பது. நிறம் பார்ப்பது ஒரு வியாதியாகிவிட்டது. காலை: வைக்கோல். மதியம்: தெளிவு. சாயங்காலம் கொஞ்சம் கெட்டியானால் மனசு அடித்துக்கொள்கிறது.

நாலு நாள் தண்ணீரால் நாலு வருடப் பழக்கம் மாறுமா? ஆறாகியிருந்தால்? ஐந்தாகியிருந்தால்? கப்பலா விமானமா? எந்த ஊர்? மாமியாரிடம் யார் சொல்வது?

இன்று ஒரு புதுமை. மத்தியானம் தாகம் எடுத்தது. நிஜமான தாகம், நாக்கு ஒட்டுகிற தாகம். சமையலறைக்குப் போகிற வழியிலேயே சந்தோஷமாகிவிட்டது. எந்தப் பைத்தியமாவது தாகம் எடுத்ததற்குச் சந்தோஷப்படுமா?

மார்ச் 18, புதன்

குழாய் முறை தவறிவிட்டது. செல்வம் வேலை முடிந்து கேன் தண்ணீர் இரண்டு ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தார். தனக்கு அரை வாளியில் குளியல், எனக்கு முழுக் கேன். நான் சண்டை போட்டேன். "கப்பல்ல மொதல்ல குடிதண்ணிதான் ஏத்துவாங்க, மத்ததெல்லாம் பொறவுதான்" என்றார். மறுபடி கப்பல். இந்தத் தடவை கோபம் வரவில்லை.

சரோ அக்கா வாய்ஸ் மெசேஜ்: "கவிதா, திங்கக்கெழம பஸ்ஸில பின் சீட்டுக்கு அடியில அந்த வாளி இருந்திச்சி. மூடி போட்டு, கயித்தால கட்டி வச்சிருக்கான் அந்தக் கண்டக்டர் பொடியன். ஒரு பழைய பெட்ஷீட்டும் மாட்டியிருக்கான். நான் தண்ணி குடிச்சிட்டுத்தான் ஏறினேன். பாத்ரூம் சாவி இப்ப ஏங்கிட்ட. நீங்க பயப்படாதீங்க, என்ன?"

பயப்படாதே என்றால் பயம் போகுமா அக்கா. மெசேஜை மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

கால் வீக்கம் அப்படியே. அசைவு நன்று. நாளை மறுநாள் ஸ்கேன்.

மார்ச் 20, வெள்ளி

மூட்டம். ஒரு தூறல்கூட விழுந்தது, தரை நனையவில்லை.

டேபிளில் படுத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெல் ஜில்லென்று. டாக்டரம்மா நாலு இடத்தில் அளந்தார். அவர் அளந்து முடிப்பதற்குள் நான் கப்பல், விமானம், ஊர், எல்லாம் போய் வந்துவிட்டேன். செல்வம் என் வீங்கின காலைப் பிடித்துக்கொண்டிருந்தார், வேறு எதைப் பிடிப்பது என்று தெரியாமல்.

"ஒன்பதரை. அச்சா ஹை."

நன்றாக இருக்கிறதாம். கண்ணைத் திறந்தேன்.

"இதர் தேக்கோ" என்று திரையைத் திருப்பினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு சின்னக் கறுப்பு வட்டம், கோலிக்குண்டு மாதிரி. பிள்ளையின் மூத்திரப்பையாம். நிரம்பியிருக்கிறதாம். பிறகு தலையை அளந்தார், தொடை எலும்பை அளந்தார், திரும்ப அங்கே வந்தார். வட்டத்தைக் காணோம். "லோ, கர் தியா" என்று சிரித்தார். இந்தா, போய்விட்டது.

பிள்ளைக்கு வந்தது, போய்விட்டது. எந்த இடம், எவ்வளவு தூரம், யார் இருக்கிறார்கள், ஒன்றும் பார்க்கவில்லை.

எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது. வெளியே நீளமான க்யூ, பாத்ரூம் அந்தக் கடைசியில். காலையில் மட்டும் நாலு சொம்பு. "கொஞ்சம் பொறுத்துக்கறியா, பில் கட்டிட்டு வந்துடறேன்" என்றார் செல்வம்.

முடியாது என்று சொல்லிவிட்டுப் போனேன்.